ரயில் இருக்கும் இடத்தைத் தப்பாகச் சொல்லும் சென்சாரை எப்படிப் பிடிப்பது?

தக்கலைப் பக்கம் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டது இது. ஓடும் ரயில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணிக்க, சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் சென்சார் இரண்டும் ஜிபிஎஸ் ஒன்றும் வைத்து புராஜெக்ட் செய்கிறார். "மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதுதான் கெட்டது என்று தள்ளிவிடலாமா? இல்லை, எல்லா டேட்டாவையும் மெஷின் லேர்னிங்கில் போட்டால் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளுமா?"

முதல் கேள்விக்குப் பதில், கூடாது. இரண்டாவதற்கும் பதில் இல்லை என்பதுதான், ஆனால் மெஷின் லேர்னிங்குக்கு வேறொரு இடத்தில் நல்ல வேலை இருக்கிறது. சிக்னல் கருவி செய்கிற தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியவன் நான். கணக்கு ஒத்துப்போகிறதே என்று நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் மூன்று சென்சாரையும் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள், அதாவது நொடிக்கு 20 மீட்டர். வறண்டு கிடந்த தண்டவாளத்தில் அப்போதுதான் தூறல் விழுந்திருக்கிறது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு என்பதால் இந்த முதல் தூறலுக்குப் பஞ்சமே இல்லை. கொட்டுகிற மழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறல் அப்படியல்ல; தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் குழைத்து வழுவழுவென்று ஒரு படலமாக்கி வைத்துவிடும். அந்த நேரம் பார்த்து லோகோ பைலட் பிரேக்கை அழுத்துகிறார். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு ஐந்து நொடி சறுக்குகின்றன. ரயிலின் வேகம் நொடிக்கு 0.8 மீட்டர் வீதம் குறைந்தாலும் அதற்குள் அது 90 மீட்டர் போயிருக்கும். சக்கரமோ சுழலவே இல்லை. இரண்டு சக்கர சென்சாரும் ஒரே குரலில் "நின்றுவிட்டோம், தூரம் பூஜ்யம்" என்கின்றன. ஜிபிஎஸ் மட்டும் 90 மீட்டர் என்கிறது. மூன்றில் இரண்டு சொல்வதே சரி என்ற உங்கள் ஓட்டெடுப்பு ஜிபிஎஸ்ஸைக் கெட்டது என்று தள்ளும். மூன்றில் அது ஒன்றுதான் உண்மையைச் சொன்னது.

இங்கே ஒரு சென்சாரும் பழுதாகவில்லை என்பதையும் கவனியுங்கள். சக்கர சென்சார் சக்கரம் சுழன்றதை எண்ணும், அவ்வளவுதான். சக்கரம் சுழலவில்லை என்று அது சொன்னது முழு உண்மை. சக்கரச் சுழற்சியும் ரயில் போன தூரமும் ஒன்றுதான் என்பது நாம் வைத்துக்கொண்ட அனுமானம், உடைந்தது அதுதான். இந்தத் துறையில் கோளாறு என்றால் பல இப்படிப்பட்டவைதான். ஆகவே எத்தனை சென்சார் ஒத்துப்போகிறது என்று எண்ணுவதற்கு முன்னால், ஒவ்வொன்றும் எந்தச் சூழ்நிலையில், எந்தப் பக்கமாகத் தவறும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் புராஜெக்டின் பாதி மதிப்பெண்ணை அந்தத் தாளுக்கே கொடுப்பேன்.

எந்தப் பக்கம் என்பது ஏன் முக்கியம்? பிரேக் போடும்போது சறுக்கினால் கணக்கு உண்மையைவிடக் குறைவாக வரும். ரயில், தான் இன்னும் பின்னால் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். முன்னால் சிவப்பு விளக்கு இருந்தால் அது ஆபத்து. இழுவையின்போது சக்கரம் வீணாகச் சுற்றினால் கணக்கு கூடுதலாக வரும். ரயில் முன்கூட்டியே பிரேக் போடும், நேரம்தான் வீண், பாதகமில்லை என்று தோன்றும். ஆனால் ரயிலுக்கு வாலும் உண்டே. கடைசிப் பெட்டி பாயிண்ட்டை, அதாவது தண்டவாளம் பிரியும் இடத்தை, தாண்டிவிட்டது என்று தப்பாக நினைத்து, அதன் அடியிலேயே பாயிண்ட்டை மாற்றினால் என்ன ஆகும்? அதனால்தான் ஐரோப்பாவின் இடிசிஎஸ் என்ற ரயில் கட்டுப்பாட்டு முறையில் ரயிலை ஒரு புள்ளியாகக் கணக்கிடுவதில்லை. தலை அதிகபட்சம் எதுவரை போயிருக்கலாம், வால் குறைந்தபட்சம் எங்கே இருக்கலாம் என்று ஒரு நீட்டமாகக் கொள்கிறார்கள். கடைசியாகக் கடந்த அடையாளத்திலிருந்து போன தூரத்தில் 5 சதவீதமும் கூட 5 மீட்டரும் பிழை இருக்கலாம் என்பது அங்கே விதி. 1 கி.மீ. போனால் முன்னும் பின்னும் 55 மீட்டர். அடுத்த அடையாளம் வந்ததும் அது மறுபடி 5 மீட்டருக்குச் சுருங்கும்.

ரயில்கள் மோதாமல் தானாகவே பிரேக் போடும் நம் ஊர்க் கவச் முறையில் அந்த அடையாளம், ஸ்லீப்பர் கட்டையில் பதித்திருக்கும் ஆர்எஃப்ஐடி டேக். ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள பிளாக் செக்‌ஷனில் ஏறக்குறைய 1 கி.மீ.க்கு ஒன்று என்று வரும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ரீடர் அதைப் படித்து "இந்த இடம்" என்று தெரிந்துகொள்ளும். இரண்டு டேக்குக்கு நடுவில் சக்கர சென்சாரை வைத்துக் கணக்குப் போடும். 2020இல் தேசிய ரயில் பாதுகாப்பு முறையாகக் கவச் ஏற்கப்பட்டது. அதன் 4.0 பதிப்புக்கு ரயில்வேயின் ஆராய்ச்சி, தர அமைப்பான ஆர்டிஎஸ்ஓ 2024 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. பாதுகாப்பில் அது சில்-4 (SIL-4) தரம். ஆபத்தான பக்கமாகத் தவறுவது ஒரு மணி நேரத்துக்குப் பத்துக் கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். பத்துக் கோடி மணி நேரம் என்றால் பதினோராயிரம் வருஷத்துக்கு மேல். இந்த எண்ணை மறக்காதீர்கள், மெஷின் லேர்னிங் பேச்சு வரும்போது தேவைப்படும்.

டேக் இல்லாமல் சக்கரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் மின்சார இன்ஜினின் புதுச் சக்கரம் 1092 மில்லிமீட்டர் விட்டம். தேய்ந்து 1016 ஆனதும் கழற்றிவிட வேண்டும். சக்கரத்தைப் புதிதாக மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் பழைய 1016ஐ மாற்ற மறந்துவிட்டார்கள் என்று வையுங்கள். உண்மையில் 1000 மீட்டர் போனால் கணக்கில் 930 தான் காட்டும். நாகர்கோவில் சந்திப்பிலிருந்து கன்னியாகுமரி 16 கி.மீ. அங்கே போய்ச் சேரும்போது இன்னும் 1 கி.மீ.க்கு மேல் பாதை பாக்கி இருப்பதாக இன்ஜின் நினைத்துக்கொண்டிருக்கும். தண்டவாளம் முடிந்து முட்டுக்கட்டை நிற்கிற ஊரில் அது நல்ல நினைப்பு அல்ல.

இதனால், தூரம் தெரிந்த இரண்டு டேக்குக்கு நடுவே சக்கர சென்சாரிலிருந்து எத்தனை பல்ஸ் (சக்கரத்தோடு சுற்றும் பல் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மின் துடிப்பு) வந்தது என்று எண்ணி, சக்கர விட்டத்தைத் தானாகவே திருத்திக்கொள்ளும் வசதி வைப்பதுண்டு. நான் ஏமாந்த கதை இங்கேதான். ஒரு சோதனை ஓட்டத்தில் எங்கள் கருவி விட்டத்தைத் தானே அளந்து எழுதிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் விட்டம் 4 மில்லிமீட்டர் கூடியிருந்தது. டேக்குக்கு டேக் கணக்கு அழகாக ஒத்துப்போனதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். கடைசியில் டெப்போவில் வேலை பார்த்த ஒரு ஃபிட்டர், "சார், சக்கரம் தேயும். வளருமா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் சென்சாரைப் பிடிக்கும் பிராக்கெட் தளர்ந்து, பல் சக்கரத்திலிருந்து சற்று விலகியிருந்தது. அதிர்வு கூடும்போது சில பல்ஸ் விழாமல் போயிற்று. குறைந்த பல்ஸைச் சரிக்கட்ட, கருவி சக்கரத்தையே பெரிதாக்கிவிட்டது. கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டிய ஏற்பாடே கோளாறுக்குப் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தது. மறுநாளே ஒரு வரி சேர்த்தோம்: பராமரிப்பில் புதுச் சக்கரம் என்று பதிவு இல்லாமல் விட்டம் கூடினால் அலாரம். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். இழுவையும் பிரேக்கும் இல்லாமல் ரயில் தானாக உருளும் நேரத்தில் மட்டும் விட்டத்தை அளக்க விடுங்கள். இல்லாவிட்டால் சறுக்கலையும் அது பாடமாகப் படித்துக்கொள்ளும்.

இப்போது ஓட்டெடுப்புக்குப் பதிலாக என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு விடையை நான் கல்லூரியில் படிக்கவில்லை, முட்டத்தில் ஒரு பெரியவரிடம் சின்ன வயதில் கேட்டேன். ஜிபிஎஸ் கைக்கு வராத காலம். கடலுக்குள் மீன் கூடும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை, திரும்பவும் கண்டுபிடிக்க, கரையில் தெரிகிற குறிகளை நேர்ப்படுத்திப் பார்ப்பார்கள். தேவாலயக் கோபுரமும் பின்னால் ஒரு மலை முகடும் ஒரே கோட்டில் வர வேண்டும்; வேறு திசையில் கலங்கரை விளக்கமும் ஒரு பனைக்கூட்டமும் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பார். "ரெண்டு கோடு எப்பவும் எங்கயாவது வெட்டிக்கிடும், மக்களே. பனையத் தப்பாப் பாத்திருந்தாலும் வெட்டும். மூணாவது கோடு போட்டுப் பாரு, அதுதான் உள்ளதச் சொல்லும்" என்றார். மூன்றும் ஒரே புள்ளியில் வெட்டினால் சரி. நடுவில் முக்கோணம் விழுந்தால் ஒன்று தப்பு. எது தப்பு என்று அறிய நான்காவது கோடு வேண்டும்.

ஜிபிஎஸ் ரிசீவருக்குள் நடக்கிற சோதனையும் இதேதான், பெயர் ரெய்ம். விமானத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், ரிசீவரின் கடிகாரப் பிழை என்று நான்கு தெரியாதவை. ஆகவே தப்பு இருக்கிறது என்று சொல்ல ஐந்து செயற்கைக்கோள் வேண்டும், எது தப்பு என்று விலக்க ஆறு. ரயிலுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அது தண்டவாளத்தை விட்டு எங்கும் போகாது. பாதையின் வரைபடம் கையில் இருந்தால் தெரியாதது இரண்டுதான்: பாதையில் எவ்வளவு தூரம், கடிகாரம் எவ்வளவு பிழை. மூன்று செயற்கைக்கோள் இருந்தாலே தப்பைப் பிடிக்கலாம், நான்கில் விலக்கலாம். இரணியலுக்கு அப்பால் வெட்டுப்பள்ளங்களுக்குள் வண்டி நுழையும்போது வானம் ஒரு கீற்றாகச் சுருங்குமே, அங்கே இது பெரிய உதவி. ஆனால் எந்தத் தண்டவாளம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரட்டைப் பாதையில் புது வேலைகளுக்கு இரண்டு பாதையின் நடுக்கோடுகளுக்கு இடையே 5.3 மீட்டர்தான். பள்ளத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் அதைவிடப் பெரிய பிழையைச் சாதாரணமாகக் கொடுக்கும். பக்கத்துப் பாதையா இந்தப் பாதையா என்ற கேள்விக்கு டேக்கைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது கோடு மற்ற இரண்டின் உறவுக்காரனாக இருக்கக் கூடாது என்பது அடுத்த விஷயம். 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் விமானத்தில் வேகம் அளக்கும் பிட்டோ குழாய்கள் பனிப்படிகங்களால் அடைபட்டன. குழாய் மூன்று இருந்தது, ஆனால் மூன்றும் ஒரே ரகம், ஒரே பனிக்குள் போயின. அந்த விபத்தில் 228 பேர் இறந்தார்கள். உங்கள் இரண்டு சக்கர சென்சாரும் அப்படித்தான். ஒரே தூறல், ஒரே பிரேக், ஒரே சறுக்கல். வசதி இருந்தால் ஒன்றை இழுவை இல்லாத அச்சில் மாட்டுங்கள். இன்னும் நல்லது, தரையில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து வேகம் அளக்கும் டாப்ளர் ராடார் சேர்ப்பது. சக்கரம் சறுக்கினாலும் அதற்குப் பாதிப்பில்லை. அதற்கும் தனி வியாதி உண்டு: பாதையில் தண்ணீர் தேங்கிக் கண்ணாடிபோல் நின்றால் அலை திரும்பி வராது. வியாதி வேறு வேறு என்பதுதான் நமக்கு வேண்டியது. வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானியும் நல்ல துணை, ஆனால் ஏற்றத்தையும் வேகம் கூடுவதையும் அதனால் பிரித்தறிய முடியாது. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில், வரைபடத்தை வைத்துத் திருத்தாமல் ஒரு நிமிடம் விட்டால் வேகக் கணக்கில் மணிக்கு 21 கி.மீ. தப்பு சேரும்.

சோதனைகளில் எளிதானவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்பியலுக்கு ஒத்துவராததை முதலில் தள்ளுங்கள்: ஒரே நொடியில் 72இலிருந்து பூஜ்யத்துக்கு எந்த ரயிலும் இறங்காது, சக்கரம் இறங்கினால் அது சறுக்கல். மாறவே மாறாத எண்ணைச் சந்தேகப்படுங்கள். நின்றிருக்கும் ரயிலும் அறுந்த ஒயரும் ஒரே மாதிரி பூஜ்யம் காட்டும். தொழிற்சாலைகளில் 4 முதல் 20 மில்லியாம்பியர் என்று வைத்திருப்பதன் சூட்சுமம் இதுதான். பூஜ்ய அளவுக்கும் 4 மில்லியாம்பியர் ஓடும், உண்மையாகவே பூஜ்யம் வந்தால் ஒயர் போச்சு. சக்கர சென்சாரில் ஒன்றுக்கொன்று கால் பல்ஸ் (90 டிகிரி) தள்ளி இரண்டு பல்ஸ் வரிசை எடுங்கள். எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதும் தெரியும், ஒன்று செத்தால் அதுவும் தெரியும்.

கஷ்டமானது மெல்ல மெல்ல விலகும் கோளாறு. பளிச்சென்று செத்த சென்சார் சாது. ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை விலகும் சென்சார்தான் ஆளை முழுங்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் விற்கிறவர்களைக் கேளுங்கள். கடைத் தராசு ஒவ்வொரு தடவையும் நூறு கிராம் குறைத்துக் காட்டினால் அன்றன்றைக்குத் தெரியாது. ஈரம் காய்ந்திருக்கும் என்று விட்டுவிடுவார்கள். வீட்டில் எடைபோட்டு நோட்டில் எழுதி, வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே வருகிறவர் மாதக் கடைசியில் பிடித்துவிடுவார். நல்ல தராசிலும் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். கூட்டினால் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒருபக்கமாகவே சாய்கிற தராசில்தான் கூட்டல் ஏறும். புள்ளியியலில் இதற்குக் கியூசம் என்று பெயர். உதாரணத்துக்கு, சக்கர வேகத்துக்கும் ராடார் வேகத்துக்கும் மணிக்கு 0.3 கி.மீ. வித்தியாசம் தொடர்ந்து வருகிறது. வித்தியாசம் 2 தாண்டினால் அலாரம் என்று வைத்திருந்தால் ஆயுசுக்கும் அடிக்காது. நொடிக்கு 0.2ஐ மன்னித்து மிச்சம் 0.1ஐக் கூட்டிவந்து, கூட்டல் 5ஐத் தொட்டால் அலாரம் என்று வையுங்கள். ஐம்பதாவது நொடியில் பிடிபடும்.

பல சென்சார்களின் எண்களைச் சேர்த்து ஒரே கணிப்பாக்க எல்லோரும் கால்மன் ஃபில்டர் என்ற கணக்கு முறையைப் போடுவார்கள், நீங்களும் போடுவீர்கள். நல்லதுதான். ஆனால் மெல்ல விலகும் சென்சாரை அது தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு போய்விடும். கணிப்பே தப்புப் பக்கம் சாய்ந்தபின் வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். அதனால் ஒரே ஃபில்டரில் எல்லாவற்றையும் கொட்டாமல், ஒவ்வொரு சென்சாரை ஒதுக்கிவைத்து ஒவ்வொரு ஃபில்டர் ஓட்டுங்கள். எதை ஒதுக்கியபோது விடை மற்றவற்றிலிருந்து துள்ளி விலகுகிறதோ, அங்கே போய்த் தோண்டுங்கள்.

அலாரத்தின் வரம்பை எப்படி வைப்பது? புத்தகத்தில் மூன்று சிக்மா, அதாவது வழக்கமான ஏற்ற இறக்கத்தின் மூன்று மடங்கு, என்று இருக்கும். நொடிக்குப் பத்துத் தடவை சோதித்தால் மணிக்கு 36,000 சோதனை; எல்லாம் சரியாக இருக்கும்போதே மணிக்குச் சுமார் 97 பொய் அலாரம் வரும். இரணியலுக்கும் பள்ளியாடிக்கும் நடுவே காரணமில்லாமல் தினம் ஒரு தடவை வண்டி நின்றால், ஒரு மாதத்தில் யாராவது அந்தக் கருவியை அணைத்து வைக்க வழி கண்டுபிடித்துவிடுவார்கள். அணைத்து வைத்த சில்-4 கருவி வெறும் இரும்புப் பெட்டி. வரம்பைத் தளர்த்தினாலோ பிடிக்கத் தாமதமாகும். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் நான்கு நொடித் தாமதம் 122 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி, சந்தேகம் வந்த உடனே நிறுத்தாமல், முன்பு சொன்ன தலை-வால் நீட்டத்தைப் பெரிதாக்குவது. சறுக்கல் தெரிந்தால் முன்பக்க எல்லையைத் தள்ளி வையுங்கள், அடுத்த டேக்கைப் பார்த்ததும் சுருக்குங்கள். எதிர்பார்த்த எல்லைக்குள் டேக் வராவிட்டால் அப்போது பிரேக்.

மெஷின் லேர்னிங்குக்கு வருகிறேன். பத்துக் கோடி மணி நேரத்தில் ஒரு தடவைகூடத் தவறாது என்று சோதித்துக் காட்ட யாராலும் முடியாது, ஆயுசு போதாது. அதனால் பாதுகாப்பை வாதத்தால் நிரூபிக்கிறார்கள்: இந்தக் கோளாறு வந்தால் இந்தச் சோதனை பிடிக்கும், ஏனென்றால் இது. டேட்டாவிலிருந்து தானே கற்றுக்கொண்ட எண்களின் குவியலாக இருக்கும் ஒரு மாடலுக்கு அந்த 'ஏனென்றால்' எழுதுவது கஷ்டம். கோளாறு டேட்டாவும் அரிது. ரயில்வே மென்பொருளுக்கான இஎன் 50128 தரநிலையின் 2011 பதிப்பு, கோளாறைச் சரிசெய்யச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதைப் பரிந்துரைக்காதவற்றின் வரிசையில் வைத்திருந்தது. பிரேக்கோடு தொடர்பில்லாத இடத்தில் தாராளமாகப் போடுங்கள். எந்த பிராக்கெட் அடுத்த மாதம் தளரும் என்று டெப்போவுக்கு முன்கூட்டியே சொல்ல அது அருமையான ஆள். எங்களிடம் அது இருந்திருந்தால் வளர்ந்த சக்கரம் இரண்டாம் நாளே பிடிபட்டிருக்கும்.

புராஜெக்டுக்கு ரயிலில் எதையும் மாட்ட வேண்டியதில்லை, பாதைப் பக்கம் போகவும் வேண்டாம். நாகர்கோவில்–திருவனந்தபுரம் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனின் ஜிபிஎஸ்ஸையும் முடுக்கமானியையும் பதிவு செய்யுங்கள். சக்கர சென்சாரைக் கணினியில் உண்டாக்கி, அதில் நீங்களே கோளாறு போடுங்கள்: ஒரு தடவை சறுக்கல், ஒரு தடவை உறைந்த எண், ஒரு தடவை மெல்ல விலகல், ஒரு தடவை தப்பான விட்டம். ஒவ்வொன்றையும் எத்தனை நொடியில் பிடித்தது, அதற்குள் வண்டி எத்தனை மீட்டர் போயிற்று, பிடிக்காமல் விட்டது எத்தனை, வீணாகக் கத்தியது எத்தனை என்று அட்டவணை போடுங்கள்.

பதிவு செய்யும்போது எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரம் வையுங்கள். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. ஒரு கோப்பில் அதையும் இன்னொன்றில் இதையும் எழுதிவைத்தால், 110 கி.மீ. வேகத்தில் 550 மீட்டர் வித்தியாசம் வரும். எந்த சென்சார் கெட்டது என்று ஒரு செமஸ்டர் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.